போத்தனூருக்குக் குடிவருகிறீர்களா? வீடு பார்ப்பதற்கு முன்பும் பின்பும்

கோயம்புத்தூரில் வேலை கிடைத்து, காந்திபுரம், பீளமேடு பக்கமெல்லாம் வாடகை கேட்டு மயக்கம் வந்து, "தெற்கே போத்தனூர்ப் பக்கம் பாருங்களேன்" என்று யாரோ சொல்ல, இப்போது போனில் வீட்டுப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேனி, திண்டுக்கல்காரர்களுக்கும் சரி, பாலக்காட்டிலிருந்து வருபவர்களுக்கும் சரி, குறிச்சித் தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்து இப்போது குடும்பத்தைக் கூட்டிவர நினைக்கும் வடக்கத்தித் தம்பிகளுக்கும் சரி, விஷயம் ஒன்றுதான்.

இங்கே வீடு தேடுபவர்கள் புரோக்கரிடம் எடுத்த எடுப்பில் கேட்பது, "அது எந்த ஆளுங்க ஏரியாங்க?" என்பதுதான். கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் அடுத்தடுத்த வாசல்களில் கேட்கிற ஊர் இது. இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வீதி எப்போது, யாருக்காக உண்டானது? அது தெரிந்துவிட்டால் சாக்கடை இருக்குமா, தண்ணீர் எப்படி வரும், வீட்டுக்காரர் எதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

முதல் வேலை: ஊரின் அடுக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தச் சுற்றுவட்டத்தில் பழைய ஊர்கள் என்றால் வெள்ளலூர், குறிச்சி, செட்டிபாளையம் போன்றவைதான். நொய்யல் பாசனமும் குளங்களும் தோட்டங்களும் கோயில் நோம்பியுமாக (திருவிழாவை இங்கே நோம்பி என்பார்கள்) இருந்த ஊர்கள். போத்தனூரை இன்றைய போத்தனூர் ஆக்கியது ரயில். 1862-இல் சென்னையிலிருந்து வந்த பாதையும் மலபார்க் கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த பாதையும் இங்கே சேர்ந்தன. கோயம்புத்தூருக்குத் தனி ஸ்டேஷன் வந்ததே 1873-இல், போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்டபோதுதான். அதாவது, பதினொரு வருஷம் கோயம்புத்தூர்க்காரர்களுக்கே போத்தனூர்தான் ரயிலடி. இன்று நம்மைப் "புறநகர்" என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு.

ரயில் வந்தால் ரயில்வேக்காரர்கள் வர வேண்டும். டிரைவர், கார்டு, சிக்னல்காரர், பட்டறைத் தொழிலாளி, குமாஸ்தா என்று ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும், மலையாளிகளும், தெலுங்கு பேசுகிறவர்களும், தமிழ்நாட்டின் மற்ற ஜில்லாக்காரர்களும் வந்தார்கள். 1915-இல் பொள்ளாச்சிக்கு மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். 1956-இல் அலுவலகம் பாலக்காட்டுப் பக்கம் போகும்வரை ரயில்வேயின் கோட்டத் தலைமையிடமே போத்தனூர்தான். சிக்னல், தொலைத்தொடர்புப் பட்டறை இன்னும் இங்கேதான் இருக்கிறது. இது முதல் அடுக்கு.

இரண்டாவது, மில். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் வரிசையாக முளைத்தன. சுந்தராபுரத்துச் சாரதா மில் ரோட்டின் பெயரிலேயே அந்தக் காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் குறிச்சித் தொழிற்பேட்டை வந்தது: பவுண்டரி, லேத், பம்புசெட் உதிரிபாகம், கிரைண்டர். அதைத் தொடர்ந்து ஒரு வலி மிகுந்த அடுக்கு. 1997 நவம்பர், டிசம்பர் கலவரமும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளும் (58 பேர் இறந்தார்கள்) நகரத்தையே மாற்றிப்போட்டன. அதற்குப் பிறகு கலந்து குடியிருந்த பல குடும்பங்கள் தம் ஆட்கள் அதிகம் இருக்கும் பகுதிகளுக்கு நகர்ந்தன. கரும்புக்கடை, ஆத்துப்பாலம், குனியமுத்தூர் எல்லாம் அப்போது இன்னும் நெருக்கமாயின. போத்தனூர்ப் பக்கமும் பல முஸ்லிம் குடும்பங்கள் வந்தன. கடைசி அடுக்கு நீங்களும் நானும்: கல்லூரி, ஐடி கம்பெனி, ஆஸ்பத்திரி, தொழிற்பேட்டை வேலைக்கு வந்து, தோட்டத்தைப் பிரித்துப் போட்ட சைட்டுகளில் குடியிருப்பவர்கள். 2011-இல் குறிச்சி, குனியமுத்தூர் நகராட்சிகள் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு இந்த வேகம் இன்னும் கூடியது.

இதை வைத்து வீதியைப் பார்த்ததும் கண்டுபிடிக்கலாம். பழைய ஊருக்குள் என்றால் வீதி குறுகல், கார் நிறுத்த இடம் இருக்காது, ஆனால் கோயிலும் கடையும் குடிதண்ணீர்க் குழாயும் காலங்காலமாக இருக்கும். ரயில்வே காலனிப் பக்கம் என்றால் வீதி அகலம், மர நிழல், இரவில் அமைதி (ரயில் சத்தம் அமைதியில் சேர்த்தி, பழகிவிடும்). இரண்டு பக்கமும் வேலி வைத்த பழைய இட்டேரித் தடங்கள்தான் இன்று பல நகர்களுக்குப் போகும் ரோடு. அதனால்தான் பெரிய பெரிய வீடுகள் இருக்கும் இடத்துக்குப் போகிற வழி மட்டும் இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் திணறும். புது சைட் என்றால் வீடு பளபளப்பாக இருக்கும், சாக்கடை எங்கே போகிறது என்று கேட்டால் வீட்டுக்காரர் வேறு பேச்சுப் பேசுவார்.

இரண்டாவது: வீட்டைத் தப்பான நேரத்தில் போய்ப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். ஒருமுறை இரவு எட்டு, ஒன்பது மணிக்குப் போங்கள், முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். காரணம் வெள்ளலூர்க் குப்பைக்கிடங்கு. கோவை மாநகரத்தின் குப்பை பல வருஷமாக அங்கேதான் போகிறது. 2024 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது ஊருக்கே தெரியும். கிடங்குக்குக் கிட்டே இருக்கும் கோணவாய்க்கால்பாளையம் போன்ற இடங்களில் வாடகை குறைவாகச் சொன்னால், ஏன் குறைவு என்று ஒரு இரவு மூக்கே சொல்லிவிடும். காற்று திரும்பும் பக்கத்தைப் பொறுத்து அடுத்தடுத்த நகர்களிலேயே நிலைமை மாறும். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே இருக்கிறோம், ஆனி ஆடியில் காற்று சும்மா வீசாது. அந்த மாதங்களில் ஒரு மாதிரி, மற்ற மாதங்களில் வேறு மாதிரி. எனவே அங்கே குடியிருக்கும் பெட்டிக்கடைக்காரரிடம், "எந்த மாசம் வாசம் வருதுங்ணா?" என்று நேராகவே கேளுங்கள். புரோக்கர் சொல்வதைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும்.

அடுத்தது ரயில் பாதை. போத்தனூரில் பாதைகள் நாலா பக்கமும் பிரிகின்றன: கோவை, இருகூர், பாலக்காடு, பொள்ளாச்சி. உங்கள் வீடு தண்டவாளத்துக்கு ஒரு பக்கம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மறுபக்கம் என்றால் இடையில் இருப்பது ரயில்வே கேட்டா, மேம்பாலமா, சுரங்கப்பாதையா என்று பாருங்கள். கேட் என்றால் காலையில் கால் மணி நேரத்தை அதற்கென்றே எழுதி வைத்துவிடலாம். சுரங்கப்பாதை என்றால் ஐப்பசி மழையில் தண்ணீர் நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருவோம். பத்து மாத வாடகையைக் கூசாமல் கேட்பவர்கள் உண்டு. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். நடைமுறையில் பெரும்பாலோர் பத்திரத் தாளில் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். நீங்கள் சட்டத்தை எடுத்து நீட்டினால் வீடு கிடைக்காது, அதுவும் உண்மைதான், ஆனால் "மூணு மாசம்தானுங்க சட்டம், அஞ்சு போட்டுக்கலாங்களா?" என்று பேச்சை ஆரம்பிக்க அது உதவும். காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். மிச்சச் சண்டைகள் எல்லாம் அதில்தான் வருகின்றன.

கரண்ட் பில் இன்னொன்று. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் வைத்து, உள்ளே சின்ன மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீடுகள் நிறைய. தனி சர்வீஸ் நம்பர் உள்ள வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சைவமா அசைவமா என்று கேட்பார்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்றும் கேட்பார்கள், சிலர் நேராக, சிலர் குலதெய்வத்தைக் கேட்டுச் சுற்றி வளைத்து. மதத்தைக் காரணம் சொல்லாமல் "சொந்தக்காரங்க வர்றாங்க" என்று மறுப்பதும் நடக்கும். இது இந்த ஊரின் அசிங்கம், மூடி மறைப்பதற்கில்லை. ஒரு வீதியில் அப்படி நடந்தால் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்; அடுத்த வீதியில், ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆன யாராவது கட்டிய வீடாகப் பாருங்கள். காலனியில் எல்லா ஜாதி மதத்தோடும் சுவரைப் பகிர்ந்து வளர்ந்தவர்கள், வாடகை தேதிக்கு வருமா என்பதை மட்டும் கேட்பவர்கள் அவர்களில் அதிகம் என்பது என் அனுபவம்.

சைட் வாங்கவே வருகிறீர்கள் என்றால் அது தனிக் கதை, சுருக்கமாக: அங்கீகாரம் இல்லாத மனை வேண்டாம். 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறை செய்ய 2017-இல் விதி வந்தது; அந்த வகை மனை என்றால் வரன்முறை ஆணையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே டோக்கன் கொடுங்கள்.

மூன்றாவது: தண்ணீர்

கோவைக்குக் குடிவருபவர்கள் எல்லாம் சிறுவாணித் தண்ணீர் குடிக்கப் போகிறோம் என்ற நினைப்பில் வருகிறார்கள். சிறுவாணி நகரத்தின் ஒரு பகுதிக்குத்தான். பில்லூர்த் தண்ணீர் சில பகுதிக்கு. குறிச்சி, குனியமுத்தூர்ப் பக்கம் ஆழியாற்றுத் தண்ணீர். எந்தத் தண்ணீர் என்பதைவிட எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதுதான் கேள்வி. வீட்டுக்காரர் சொல்வதை விட்டுவிட்டு, வீதியில் நாலு வீட்டு வாசலில் நீல நிற டிரம்மை எண்ணுங்கள். ஒரு வீட்டுக்கு ஒன்று என்றால் பரவாயில்லை. மூன்று நான்கு வரிசையாக நின்றால், இடைவெளி அதிகம் என்று அர்த்தம்.

இங்கே இரண்டு தண்ணீர் உண்டு. குழாயில் வருவது நல்ல தண்ணி. போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி, குளிக்கவும் துவைக்கவும். உப்பு எந்த அளவு என்பதற்குக் குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள்: வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். அப்படிப்பட்ட வீட்டில் ஹீட்டர் ரொம்ப நாள் உழைக்காது, தலைமுடியும் அப்படித்தான்.

தண்ணி வரும் நாள் ஒரு வீதிக்குத் திருவிழா மாதிரி. விடியற்காலை ஐந்து மணிக்கே யாராவது ஒரு அக்கா கேட்டைத் தட்டி "தண்ணி வந்துருச்சுங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார். குழாயில் முதலில் காற்று மட்டும் புஸ்ஸென்று வரும், அப்புறம் கலங்கலாக ஒரு குடம், அதைச் செடிக்கு ஊற்றிவிட்டுத்தான் பிடிப்பார்கள். மேட்டு வீட்டில் இருப்பவர் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் கடைசி வீட்டுக்குச் சொட்டுச் சொட்டாக நிற்கும். அன்றைக்குத்தான் வீதியில் இருக்கும் எல்லா மொழியிலும் வசவு கேட்கலாம். வந்த முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டு அக்காவிடம், "தண்ணி வந்தா எங்களையும் ஒரு குரல் கூப்பிடுங்க" என்று சொல்லி வையுங்கள். வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால், ஒரு சாவியோ ஒரு ஹோஸ் பைப்போ அவர்களிடம் கொடுத்து வைப்பது இங்கே சாதாரணம். இந்த ஊரில் ஜாதி, மதம், மொழி தாண்டிப் பழக்கம் ஆரம்பிப்பது பெரும்பாலும் இந்தக் குழாயடியில்தான். நட்பு வாழ்கிறதா, உடைகிறதா என்பதும் அங்கேதான் முடிவாகும்.

நான்காவது: காகித வேலைகள்

இதில் நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தை வைத்து ஆதாரில் முகவரியை மாற்றுங்கள், அதை வைத்து மற்றதெல்லாம். ரேஷன் கார்டு தமிழ்நாட்டுக் கார்டு என்றால் இ-சேவை மையத்தில் முகவரி மாற்றலாம். வெளி மாநிலக் கார்டு வைத்திருப்பவர்கள், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் இருப்பதால், கைரேகை வைத்து இங்கேயே மத்திய அரசின் அளவுப்படி அரிசி, கோதுமை வாங்க முடியும். கடைக்காரர் தெரியாது என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள், பொறுமையாகக் கேளுங்கள். வாக்காளர் பட்டியலில் வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8, புதிதாகச் சேர்ப்பவர்களுக்குப் படிவம் 6.

பிள்ளைகள் விஷயத்தில் வெளிமாநிலக் குடும்பங்கள் ஒன்றை மறந்துவிடுகின்றன. 2006-இல் வந்த தமிழ் கற்பித்தல் சட்டத்தால் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். ஐந்தாவது, ஆறாவதில் வந்து சேரும் பையன் அ, ஆ தெரியாமல் திணறுவான். பக்கத்து வீதியில் டியூஷன் எடுக்கும் டீச்சர் யாராவது இருப்பார், சேர்க்கையின்போதே அதையும் விசாரித்துவிடுங்கள்.

ஐந்தாவது: போய்வர

உக்கடம் வழியாக ஒரு வழி, நஞ்சுண்டாபுரம் ரோட்டில் ராமநாதபுரம் போய் ஒரு வழி. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். உக்கடம், ஆத்துப்பாலம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறந்த பிறகு பொள்ளாச்சி ரோடும் பாலக்காடு ரோடும் மூச்சுவிட ஆரம்பித்தன. அதற்கு முன்னால் அங்கே நின்ற நேரத்தில் ஒரு புத்தகமே படித்து முடித்திருக்கலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, 2021-இலிருந்து. ஏறும் முன் அந்த வகைப் பஸ்தானா என்று பார்த்து ஏறுங்கள்.

ரயிலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாலக்காட்டுக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் பொள்ளாச்சிக்கும் இங்கிருந்தே போகலாம். பொள்ளாச்சிப் பாதையை அகலப்பாதையாக்க வருஷக்கணக்கில் மூடி வைத்திருந்து 2017-இல் திறந்தார்கள். இன்னொரு நுணுக்கம்: கேரளா போகும் சில ரயில்கள் கோவை ஜங்ஷனுக்குள் போகாமல், இருகூரிலிருந்து போத்தனூருக்கு நேராக வந்துவிடும். அது 1862-இல் போட்ட பழைய பாதையே. ஊருக்கு டிக்கெட் எடுக்கும்போது கோவை என்று மட்டும் தேடாமல் போத்தனூர் என்றும் தேடிப் பாருங்கள்; நடந்து போகும் தூரத்தில் வண்டி நிற்கும்போது ஜங்ஷனுக்கு ஆட்டோக் காசு கொடுப்பானேன்?

ஆறாவது: பழகுவது எப்படி

"ங்க" போட்டுப் பேசுங்கள். இது மரியாதைக்காக மட்டும் இல்லை, இங்கே பேச்சின் தாளமே அதுதான். தெற்கத்திக்காரர்கள் பாசமாக "வாடா, போடா" என்று ஆரம்பித்தாலும் இங்கத்தவர்களுக்குச் சுருக்கென்று இருக்கும். காய்கறிக் கடைக்காரர், கண்டக்டர், பத்து வயது சின்னவன் எல்லாருக்கும் "சொல்லுங்ணா", "வாங்க தம்பி", "ஏனுங்க அக்கா". மலையாளக் கடையில் சேட்டன், சேச்சி. முஸ்லிம் பெரியவரை "பாய்" என்று கூப்பிடலாம், தவறில்லை, "அண்ணா" என்றால் இன்னும் நல்லது. காலனியில் வயதான ஆங்கிலோ இந்திய அம்மாவைப் பார்த்தால் "ஆன்டி". அவர் உங்களிடம் திருத்தமான கொங்குத் தமிழில் தக்காளி விலை கேட்பார், ஆச்சரியப்பட்டு நிற்காதீர்கள்.

ஊரோடு பேச வேண்டுமென்றால் பேக்கரிக்குப் போங்கள். கோவைப் பக்கத்தில் டீக்கடையின் வேலையை பேக்கரிதான் செய்கிறது. கண்ணாடி அலமாரியில் தேங்காய் பன், பப்ஸ், வெட்டு கேக், பக்கத்துத் தட்டில் பழம்பொரி, மாஸ்டர் கையில் பால் பாத்திரம், வாசலில் நாலு பைக். மாலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடித்து வரும் பவுண்டரித் தொழிலாளிகளின் சட்டையில் கரித்தூள் இருக்கும். அவர்கள் ஒடியாவில் பேசிக்கொண்டே மாஸ்டரிடம் "ரெண்டு டீ, சக்கரை கம்மி" என்று தமிழில் சொல்வார்கள், மாஸ்டர் கல்லாவைப் பார்த்து மலையாளத்தில் கணக்குச் சொல்வார். அங்கே ஒரு வாரம் நின்று பழமை பேசினால் (அரட்டைக்கு இங்கே அதுதான் வார்த்தை) வீடு காலியாவதும், எந்தப் பள்ளியில் சீட் இருக்கிறது என்பதும், எந்த பிளம்பர் நல்லவர் என்பதும் தானாக வந்து சேரும். காய்கறிக்குச் சுந்தராபுரம் உழவர் சந்தை, விடியற்காலையிலேயே போய்விடுங்கள், மீனுக்கு உக்கடம்.

நோம்பி, பண்டிகைகளில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பழைய ஊர்களில் மாரியம்மன் நோம்பி சாட்டினால் கம்பம் நட்டு, பூவோடு (தீச்சட்டி) எடுத்து, மாவிளக்கு, மஞ்சள் நீர் என்று பல நாள் நடக்கும். விடியும் முன்பே ஒலிபெருக்கி ஆரம்பித்துவிடும். வரி கேட்டு இளவட்டங்கள் வருவார்கள். வெளியூர் ஆட்களுக்குக் கட்டாயம் கிடையாது, ஆனால் முடிந்ததைக் கொடுத்துவிட்டால் அடுத்த நாளிலிருந்து வீதியில் உங்களுக்குப் பெயர் வந்துவிடும். ரம்ஜான் மாதம் சாயங்காலம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குப்போசியோடு நிற்பவர்களில் பொட்டு வைத்த அக்காக்களும் இருப்பார்கள். நீங்களும் போகலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஓணத்துக்குக் கோவை மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம், அதற்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகிவிடும் என்பதை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். கிறிஸ்துமஸுக்குக் காலனி வீடுகளில் இருந்து குல்குல்ஸும் ரோஸ் குக்கியும் தட்டில் வரும். ஆங்கிலோ இந்தியர்களில் பல குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டன, இருப்பவர்கள் கொஞ்சம் பேர். ஆனாலும் அந்தத் தட்டு வருவது நிற்கவில்லை. அந்தத் தட்டைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. சர்க்கரையாவது போட்டுக் கொடுங்கள், பொங்கலுக்குக் கச்சாயம் சுட்டால் அதைப் போட்டுக் கொடுங்கள்.

குண்டுவெடிப்பு நாளான பிப்ரவரி 14-இலும், பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாளான டிசம்பர் 6-இலும் நகரம் முழுக்கப் போலீஸ் சோதனை இருக்கும். ரயில் ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் முன்னதாகக் கிளம்புங்கள், வண்டிக் காகிதங்களைக் கையில் வைத்திருங்கள். அன்றைய தினம் பேக்கரியில் 1998 பற்றிப் பேச்சு வந்தால் புதிதாக வந்தவர் கருத்துச் சொல்லாமல் கேட்டுக்கொள்வது நல்லது. எதிரில் டீ குடிப்பவர் அன்று யாரை இழந்தார் என்று உங்களுக்குத் தெரியாது.

ஏழாவது: ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரைச் சுற்றுங்கள்

வெள்ளலூரில் ஆரம்பிக்கலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரையிலிருந்து கொடுமணல், கரூர் போன பழைய வணிகப் பாதை இந்தப் பக்கம்தான் போயிருக்கிறது. 1842-இல் இங்கே ரோமானியக் காசுப் புதையல் கிடைத்தது. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள். பின்னாலும் கிடைத்திருக்கிறது. இன்று குப்பைக்கிடங்குக்காக மட்டும் பேப்பரில் வரும் ஊர், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் வெளிநாட்டுப் பணம் புழங்கிய ஊர். தேனீசுவரர் கோயிலைப் பாருங்கள், தன்னார்வலர்கள் சீர்படுத்திய வெள்ளலூர்க் குளத்தையும் பட்டாம்பூச்சிப் பூங்காவையும் பாருங்கள். பிள்ளைகளோடு போக நல்ல இடம், காலையில் போனால் பறவைகளும் இருக்கும். குறிச்சிக் குளத்தங்கரையில் தமிழ் எழுத்துகளாலேயே செய்த திருவள்ளுவர் சிலை இருக்கிறது, சாயங்காலம் கூட்டம் அள்ளும்.

நடுவில் ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஒரு சங்கதியைத் தெரிந்துகொண்டு நில்லுங்கள், ஏனென்றால் இந்த ஊர்க்காரர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. 1921-இல் மலபாரில் மாப்பிளைக் கிளர்ச்சி (மாப்பிளைகள் எனப்படும் அங்கத்திய முஸ்லிம்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தது) நடந்தபோது பிடிபட்ட கைதிகளைப் பெல்லாரிச் சிறைக்கு அனுப்பினார்கள். நவம்பர் மாதம் திரூரில் ஒரு மூடிய சரக்குப் பெட்டிக்குள் ஏறக்குறைய நூறு பேரை அடைத்துப் பூட்டி ரயிலில் இணைத்தார்கள். காற்றுப் போக வழியில்லை. தண்ணீர் கேட்டும் மூச்சுத் திணறியும் உள்ளே கதறியிருக்கிறார்கள். கதவைத் திறந்தது போத்தனூரில். அதற்குள் பெரும்பாலோர் இறந்திருந்தார்கள், மிச்சமிருந்தவர்களில் சிலர் ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். மொத்தம் அறுபதுக்கும் மேல். உடல்களை அதே ரயில் பாதையில் திரூருக்கே திருப்பி அனுப்பினார்கள், அடக்கம் அங்கேதான் நடந்தது. திரூரில் நினைவு மண்டபம் இருக்கிறது, கேரளப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேகன் துயரம் என்றால் தெரியும். கதவு திறந்த ஊரில் இருக்கும் நாமும் தெரிந்துகொள்ள வேண்டாமா? உங்கள் பக்கத்து வீட்டு மலப்புரத்துக்காரரிடம் போத்தனூர் என்று சொன்னதும் அவர் அந்தக் கதையைத்தான் முதலில் கேட்பார்.

கடைசியாக: சாமான் வரும் நாள்

லாரிக்காரரிடம் கூகுள் மேப்பை மட்டும் நம்பி வரச் சொல்லாதீர்கள். மேப் இட்டேரியையும் ரோடு என்றுதான் காட்டும். ஏற்கெனவே பார்த்து வைத்த வழியில், கேட்டோ தாழ்வான சுரங்கப்பாதையோ இல்லாமல், மேம்பாலம் வழியாக வரச் சொல்லுங்கள். முகூர்த்த நாளில் குடிவருகிறீர்கள் என்றால் ஆத்துப்பாலம் பக்கம் கல்யாண மண்டப வண்டிகள் ரோட்டை அடைத்திருக்கும், எனவே காலை ஏழு மணிக்குள் வண்டி வந்துவிட வேண்டும். இறக்குக் கூலியை ஏற்றும் ஊரிலேயே பேசி முடித்துவிடுங்கள், இங்கே வந்து வாசலில் நின்று பேசினால் இரட்டிப்பாகும். வந்த அன்றே குடிக்க இருபது லிட்டர் கேன் இரண்டு சொல்லி வையுங்கள். நல்ல தண்ணி உங்கள் வீதிக்கு என்றைக்கு வரும் என்பது பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால்தான் தெரியும். கரண்ட் போனால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அதற்கு சர்வீஸ் நம்பர் வேண்டும். வீட்டுக்காரரிடம் சாவி வாங்கும்போதே அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.